தைமஸ் சுரப்பியும் தசைச் சோர்வும்



பகலுணவுக்குப் பின் வரும் இரண்டாம் பாடவேளை உறக்கத்தோடு போராடும் வேளை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. மாணவர் இமைகள் தாழ்வதையும் ஆசிரியர் குரல் தளர்வதையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துப் பழகியவன் நான். அப்பழக்கமே 2012ஆம் ஆண்டில் என்னை ஒரு பெரும் பிழைக்கு ஆளாக்கிற்று.

அப்போது நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். காலையில் அவர் செய்யுளை இசையோடு படித்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் செவி சாய்ப்பார்கள். பிற்பகலிலோ அதே குரல் மூக்கால் பேசுவது போலக் குழறும். இமைகள் பாதிக் கண்ணை மூடிக்கொள்ளும். மேசைமேல் முழங்கையை ஊன்றிக் கையால் மோவாயைத் தாங்கியபடியே பாடம் நடத்துவார். பார்த்தவர்கள் சோம்பல் என்றார்கள். நானும் அப்படியே எண்ணினேன். பிற்பகல் வகுப்புகளில் ஊக்கமின்றி இருப்பதற்கு விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை ஒன்றும் கொடுத்தேன். “காலையில் உள்ள வலிமை மாலையில் இருப்பதில்லை, ஐயா, காரணம் எனக்கும் விளங்கவில்லை” என்று ஒரே வரியில் அவர் விடை எழுதினார். அதைச் சாக்குப்போக்கு என்று கருதிக் கோப்பில் வைத்துவிட்டேன். அந்த ஒரு வரியில் ஒரு நோயின் முழு இலக்கணமும் அடங்கியிருந்தது என்பதை அறிய எனக்கு எட்டு மாதங்கள் ஆயின.

அந்நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். தசைச் சோர்வு நோய் என்று தமிழில் சொல்லலாம். நான் மருத்துவன் அல்லன். விலங்கியல் கற்பித்த ஆசிரியன். ஆயினும் நண்பரின் நோயை முன்னிட்டு மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்நோயில் வலி இல்லை, தொடுவுணர்ச்சி குறைவதில்லை, அறிவும் மங்குவதில்லை. ஒரு தசையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அது சோர்ந்துவிடுகிறது. ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீள்கிறது. ஆகவே காலையில் நலமாகவும் மாலையில் மோசமாகவும் தோன்றும். பெரும்பாலும் கண்ணில் தொடங்கும்: இமை தாழும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். பிறகு பேச்சு, மெல்லுதல், விழுங்குதல், கைகால் என்று பரவலாம். மூச்சுத் தசைகளுக்குச் சோர்வு வந்துவிட்டால் உயிருக்கே இடர்தான். 1672ஆம் ஆண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர், நெடுநேரம் பேசினால் குரலே அற்றுப்போய்ச் சில மணி நேரம் கழித்து மீண்டும் பேசக்கூடிய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதி வைத்தார். இந்நோய் பற்றிய முதற் குறிப்பு அதுவாக இருக்கலாம் என்பர். பெயர் சூட்டியவர் பிரடரிக் ஜாலி என்னும் ஜெர்மானியர், ஆண்டு 1895.

பெயர் கிடைத்தும் காரணம் கிடைக்கவில்லை. இறந்தவர்களின் தசையையும் மூளையையும் அறுத்துப் பார்த்தவர்களுக்குக் குற்றம் ஒன்றும் தென்படவில்லை. 1901ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் வைகர்ட் என்பவர் இந்நோயால் இறந்த ஒருவரின் உடலை ஆய்ந்தபோது, நோய்க்குத் தொடர்பே இல்லாதது போன்ற ஓரிடத்தில், மார்பெலும்புக்குப் பின்னால், ஒரு கட்டியைக் கண்டார். அது தைமஸ் சுரப்பியில் தோன்றிய கட்டி. இமை தாழ்வதற்கும் மார்புக்குள் கட்டி வளர்வதற்கும் என்ன உறவு? இக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன.

தைமஸ் என்பது மார்பெலும்புக்குப் பின்புறம், இதயத்தின் மேற்பகுதியை ஒட்டி, இரண்டு மடல்களாக அமைந்த ஓர் உறுப்பு. குழந்தைப் பருவத்தில் உடலளவை நோக்கப் பெரிதாக இருக்கும். பூப்புப் பருவத்துக்குப் பின் சுருங்கிக்கொண்டே வந்து முதுமையில் கொழுப்பாகிவிடும். இப்படிச் சுருங்குவதைக் கண்டு, இது பயனற்ற மிச்சம் என்று பலர் நினைத்தார்கள். அதனினும் கொடிய ஒரு தவறும் நடந்தது. நீண்ட நோயிலும் பட்டினியிலும் தைமஸ் விரைந்து சிறுத்துவிடும். நலிந்து இறந்தவர்களின் உடல்களில் சிறிய தைமஸையே பார்த்துப் பழகிய மருத்துவர்கள், நலமான குழந்தையின் பெரிய தைமஸைக் கண்டு அதையே நோய் என்று கருதினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அதைச் சுருக்குவதற்காகவே குழந்தைகளின் மார்பில் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினர். அக்குழந்தைகளிற் பலருக்குப் பின்னாளில் தைராய்டுப் புற்றுநோய் வந்தது. அறியாமையால் நேர்ந்த தீங்கு என்று இதைச் சொல்வதுகூட அரைகுறையான பேச்சு. அரைகுறை அறிவால் நேர்ந்த தீங்கு என்பதே பொருந்தும்.

தைமஸின் உண்மையான தொழிலை 1961ஆம் ஆண்டில் இலண்டனில் ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர் என்னும் இளைஞர் வெளிப்படுத்தினார். பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளிலிருந்து தைமஸை அகற்றினார். அவை தொற்றுநோய்களுக்கு எளிதில் இரையாயின. வேறு இனச் சுண்டெலியின் தோலை ஒட்டினாலும் அதைத் தள்ளாமல் ஏற்றுக்கொண்டன. தனது எது, அயலது எது என்று பிரித்தறியும் ஆற்றல் அவற்றுக்கு வாய்க்கவில்லை.

ஆசிரியன் ஆகையால் எனக்குத் தெரிந்த உவமையைச் சொல்கிறேன். தைமஸ் ஒரு பள்ளிக்கூடம். எலும்பு மச்சையில் பிறந்த இளம் வெள்ளணுக்கள் அங்கே மாணவர்களாக வந்து சேர்கின்றன. தைமஸின் சொந்த அணுக்களாகிய எபிதீலிய அணுக்கள் ஆசிரியர்கள். தேர்வுகள் இரண்டு. உடலின் அடையாளச் சீட்டை உனக்குப் படிக்கத் தெரியுமா என்பது முதல் தேர்வு, தெரியாதவை மடிகின்றன. உன் சொந்த உடலின் பகுதிகளைக் கண்டால் பாய்ந்து தாக்குவாயா என்பது இரண்டாம் தேர்வு. தாக்குபவற்றிற் பெரும்பாலானவை அழிக்கப்படுகின்றன. இத்தேர்வுக்காகத் தைமஸின் உட்பகுதியில் உள்ள ஆசிரிய அணுக்கள், உடலின் வெவ்வேறு உறுப்புகளுக்குரிய புரதங்களின் மாதிரிகளைத் தாமே ஆக்கிக் காட்டுகின்றன. அவ்வேலையை நடத்துவது ஏர் என்னும் ஒரு மரபணு. சேர்ந்தவற்றில் நூற்றுக்கு 95க்கு மேல் தேறாமல் மடிகின்றன என்றால், அப்பள்ளியின் கண்டிப்பை எண்ணிக்கொள்ளுங்கள்! தேறி வெளிவருபவையே டி அணுக்கள். அந்த ‘டி’ தைமஸ் என்னும் சொல்லின் முதலெழுத்து.

இனி, தைமோமா எனப்படும் தைமஸ் கட்டியில் நடப்பதைப் பாருங்கள். அங்கே கட்டுக்கடங்காமற் பெருகுபவர் மாணவர் அல்லர், ஆசிரியரே. ஆனால் அவர்கள் முறையான ஆசிரியராகவும் இருப்பதில்லை. கட்டியில் ஏர் மரபணு பெரும்பாலும் வேலை செய்வதில்லை. இரண்டாம் தேர்வு நடக்கும் உட்பகுதியும் ஒழுங்காக அமைவதில்லை. கூட்டங்கூட்டமாக மாணவர்கள் வருகிறார்கள், வளர்கிறார்கள், தேர்வெழுதாமலே வெளியேறுகிறார்கள். அவர்களிற் சிலர் சொந்த உடலையே பகையாகக் கொள்பவர்கள். அவர்களுடைய தூண்டுதலால் பி அணுக்கள் எனப்படும் மற்றொரு வகை வெள்ளணுக்கள், உடலுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை ஆக்கத் தொடங்குகின்றன. இதுதான் தன்னெதிர்ப்பு நோய்.

அந்த எதிர்ப்பொருள்கள் எதைத் தாக்குகின்றன? கையை அசைக்க நீங்கள் நினைத்தால், நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரக்கிறது. தசையின் மேல் உள்ள ஏற்பிகள் அதைப் பற்றிக்கொள்ளும்போது தசை சுருங்குகிறது. ஏற்பி பூட்டு, அசிட்டைல்கோலின் திறவுகோல் என்று வைத்துக்கொள்ளலாம். இந்நோயாளிகளின் எதிர்ப்பொருள் பூட்டையே அடைத்தும் உடைத்தும் விடுகிறது.

பூட்டில்தான் பழுது என்பதைக் கண்டறிந்த வரலாற்றில் ஒரு பாம்பும் ஒரு மீனும் வருகின்றன. தைவானில் வாழும் ஒரு கட்டுவிரியனின் நஞ்சிலுள்ள ஒரு பொருள் இந்த ஏற்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். மின்விலாங்கு என்னும் மீனின் மின்னுறுப்பிலோ இந்த ஏற்பிகள் ஏராளம். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சால்க் ஆய்வுக்கூடத்தில் ஜிம் பாட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் என்னும் இருவர், மின்விலாங்கிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்கு ஊசி வழியாகச் செலுத்தினர். முயல்களின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாயிற்று. முயல்கள் தலையைத் தூக்கவும் மாட்டாமல் துவண்டு விழுந்தன. அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் மிகக் குறைந்திருப்பதை அப்பாம்பு நஞ்சின் துணையால் எண்ணிக் காட்டினர். இது தன்னெதிர்ப்பு நோயாக இருக்கலாம் என்று 1960ஆம் ஆண்டிலேயே ஜான் சிம்ப்சன் ஊகித்திருந்தார். அவர் ஊகம் மெய்யாயிற்று.

காரணம் தெரிவதற்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது என்பது வேடிக்கை. 1934ஆம் ஆண்டில் இலண்டனில் உள்ள கிரீனிச்சில் மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர் பணியாற்றி வந்தார். பெரிய பதவியோ ஆய்வுக்கூடமோ உடையவர் அல்லர். தம் நோயாளியின் சோர்வு, தென்னமெரிக்கர் அம்பில் தோய்க்கும் கியுராரே நஞ்சினால் உண்டாகும் சோர்வை ஒத்திருப்பதை எண்ணி, அந்நஞ்சுக்கு மாற்றாகிய பைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். தாழ்ந்திருந்த இமை சற்று நேரத்தில் உயர்ந்தது. அசிட்டைல்கோலினை விரைவில் சிதையவிடாமற் காக்கும் மருந்து அது. எஞ்சியுள்ள பூட்டுகளுக்காவது திறவுகோல் நெடுநேரம் கிடைக்கும் அல்லவா? இன்று நோயாளிகள் உண்ணும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த வழியில் வந்ததே. ஆனால் அது நோயின் வேரைத் தொடுவதில்லை.

வேரைத் தொட முயன்றவர் ஆல்பிரெட் பிளாலக். 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், இந்நோயுடைய ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை அறுத்தெடுத்தார். அப்பெண் நன்கு தேறினாள். அன்றுமுதல் தைமஸ் அறுவை இந்நோய்க்குரிய சிகிச்சைகளில் ஒன்றாயிற்று. கட்டி இல்லாதவர்களிலும் பலருக்கு இது பயன் தருகிறது என்பதை, 126 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2016ஆம் ஆண்டில் உறுதிப்படுத்திற்று.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தசைச் சோர்வு நோயாளிகளில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கே தைமஸ் கட்டி இருக்கும். ஆனால் தைமஸ் கட்டி உடையவர்களை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தசைச் சோர்வு இருக்கும். ஆகவே ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேடுவது மருத்துவ முறை. என் நண்பருக்கும் அவ்வாறே நடந்தது. கண்ணாடி மாற்றுவதற்காகக் கண் மருத்துவரிடம் சென்றார். அம்மருத்துவர் தாழ்ந்த இமையின் மேல் பனிக்கட்டிப் பொட்டலத்தை இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார். இமை உயர்ந்தது! குளிர்ச்சியில் இந்நோயாளிகளின் தசை சற்று வலுப்பெறும். பிறகு இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை. பிறகு மார்பில் சி.டி. ஸ்கேன். மார்பெலும்புக்குப் பின்னால் கட்டி இருந்தது. நுரையீரலின் உறையிலும் அதன் சிதறல்கள் இரண்டு மூன்று காணப்பட்டன.

உறை கடந்து பரவாத தைமஸ் கட்டியை அறுத்தெடுத்தால் பெரும்பாலும் அதுவே போதும். பரவிவிட்ட கட்டிக்கும், எடுக்க முடியாதபடி பெரிய குழாய்களைச் சுற்றிக்கொண்ட கட்டிக்கும் கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை முன்னதாகத் தேவைப்படுகிறது. கட்டியைச் சுருக்கிக் கத்திக்கு வழி செய்வது அதன் முதல் நோக்கம்.

அம்மருந்துகளின் பிறப்பு ஒவ்வொன்றும் ஒரு கதை. சிஸ்பிளாட்டின் என்பது பிளாட்டினம் கலந்த சேர்மம். 1965ஆம் ஆண்டில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் பாக்டீரியங்களின் மேல் மின்சாரத்தின் விளைவை ஆராய்ந்தபோது, அவை பிளவுபடாமல் நூல் நூலாக நீண்டன. மின்சாரம் காரணமன்று, மின்முனையிலிருந்த பிளாட்டினம் கரைந்ததே காரணம் என்று கண்டார். டாக்சோரூபிசின் செந்நிறமானது, இத்தாலியில் ஒரு பழங்கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரின் வழியில் வந்தது. சைக்ளோபாஸ்பமைடு போர்க்கள நச்சுப் பொருளாகிய மஸ்டர்டின் வழித்தோன்றல். வின்கிரிஸ்டினோ நம் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியில் கிடைப்பது. 1991ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர்கள் இந்நான்கையும் சேர்த்து, முற்றிய தைமோமா உடைய 37 பேருக்குக் கொடுத்து, 34 பேருக்குக் கட்டி சுருங்கியதாக எழுதினர். வின்கிரிஸ்டினை விடுத்து மற்ற மூன்றையும் 30 பேருக்குக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 1994ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் பாதிப்பேருக்கே பயன் கிடைத்தது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து, முதல் மருந்துத் தொகுதியே மேல் என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நோயாளிகளும் வேறு, நோயின் நிலையும் வேறு. இது அரிய நோய். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கே வருவது. பெருந்தொகையான நோயாளிகளை இரு அணியாகப் பிரித்துச் சோதிப்பது எளிதன்று.

தசைச் சோர்வு உடையவருக்கு இச்சிகிச்சை கொடுப்பது கத்தி முனையில் நடப்பது போன்றது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தின் வழியே மக்னீசியத்தை வெளியேற்றிவிடும். பிற நோயாளிகளுக்கு அதை ஈடுசெய்ய மக்னீசியத்தை நரம்பூசியில் தாராளமாகச் செலுத்துவர். இவருக்கு அப்படிச் செய்தால், மக்னீசியம் அசிட்டைல்கோலின் சுரப்பைக் குறைத்து மூச்சையே நிறுத்திவிடக்கூடும். மருந்தால் வெள்ளணுக்கள் குறையும்போது காய்ச்சல் வரலாம். காய்ச்சல் வந்தாலே தசைச் சோர்வு மிகும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளும் நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பைத் தளர்த்தும். ஸ்டீராய்டு மருந்து இந்நோய்க்கும் நல்லது, கட்டியையும் ஓரளவு சுருக்கும். ஆயின் பேரளவில் தொடங்கினால் முதல் சில நாட்களில் சோர்வை மிகுதியாக்கும். இதற்கிடையில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. சைக்ளோபாஸ்பமைடு வெள்ளணுக்களை அடக்குவதால், கட்டிக்குக் கொடுத்தது தசைச் சோர்வையும் சிலருக்குத் தணிக்கிறது. அண்மைக் காலத்தில் புகழ்பெற்ற, நோயெதிர்ப்பு ஆற்றலைத் தட்டி எழுப்பிப் புற்றுநோயைத் தாக்கச் செய்யும் மருந்துகளை மட்டும் தைமோமாவில் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். தேர்வெழுதாமல் வெளியேறிய அணுக்களையும் அவை எழுப்பிவிடும்; இதயத் தசையே தாக்குண்டவர்கள் உண்டு.

என் நண்பருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு சுற்று மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் சுற்றுக்குப் பின் காய்ச்சல் கண்டு மூச்சு முட்டிற்று. ஒன்பது நாட்கள் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தார். இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை வடித்தெடுக்கும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையால் மீண்டார். நான்கு சுற்று முடிந்தபோது கட்டி பாதியளவாகியிருந்தது. அதன் பிறகே மார்பெலும்பைப் பிளந்து, கட்டியையும் தைமஸையும் நுரையீரல் உறையின் சிதறல்களையும் அகற்றினார்கள்.

கட்டி போயிற்று, சோர்வும் போயிற்றா என்றால், முழுவதும் இல்லை. கட்டியிலிருந்து முன்பே வெளியேறிய டி அணுக்கள் ஆண்டுக்கணக்கில் உடலில் உலவும். கட்டியை அகற்றிய பின்னர் முதன்முறையாகத் தசைச் சோர்வு தோன்றியவர்களும் இருக்கிறார்கள். கட்டியோ பத்து ஆண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது. ஆகவே ஸ்கேன் எடுப்பதை நிறுத்துவதில்லை.

மருத்துவமனையில் அவர் படுத்திருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். குழாய் இருந்ததால் பேச முடியாது. சிலேட்டும் பலப்பமும் கொடுத்திருந்தார்கள். குறிப்பாணை கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் மெல்ல எழுதிக் காட்டினார்: “பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் பாதியில் நிற்கிறது, ஐயா. யார் நடத்துகிறார்கள்?” பள்ளிக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்த வேலை, அந்தக் குறிப்பாணையின் கீழ், அது தவறாக வழங்கப்பட்டது என்று என் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டு, அவர் பணிப்பதிவேட்டில் சேர்த்தது. இரண்டாவது வேலை பாடவேளை அட்டவணையைத் திருத்தியது. அடுத்த சூனில் அவர் பணிக்குத் திரும்பியபோது, அவருடைய வகுப்புகள் எல்லாம் பகல் பன்னிரண்டு மணிக்குள் முடியும்படி அமைந்திருந்தன.